விசிலை மட்டும் வெட்டக் கூடாது

ஜூன் 3, செவ்வாய்

பேசக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாதாம். வாய்விட்டுப் பேசுவதைவிடக் கிசுகிசுப்பதுதான் தொண்டைக்குக் கெடுதலாம். அப்படியானால் வாய்விட்டே பேசட்டுமா என்று எழுதிக் காட்டினேன். முறைத்தார். மூன்று வாரம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். வேறு சிலதும் சொன்னார். அதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

குரல்நாணில் இரண்டு முடிச்சு. நேற்று மதுரையில் எடுத்தார்கள். கடுகளவுதான் இருந்ததாம். பதினோரு வருஷமாக ஊரைக் கூட்டிய வாய்க்கு வெறும் கடுகுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இந்த டைரி என் மகள் ரெஜினா வாங்கிக் கொடுத்தது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். "பேசாம இருந்தா உனக்குக் கிறுக்குப் புடிச்சிரும்மா. எல்லாத்தையும் இதுல கொட்டு" என்றாள். கொட்டுகிறேன்.

ஜூன் 4, புதன்

எனக்கு இப்போது வாய் என்பது ஒரு சிலேட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு கரண்டி. டம்ளரில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. காலையில் இவர் "காப்பி சூடா இருக்கா?" என்று கேட்டார். இரண்டு தட்டு தட்டினேன். "ரெண்டு டம்ளர் வேணுமா?" என்று இன்னொன்றும் போட்டுக்கொண்டு வந்தார். அதுவும் ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

இவர் என்றால் அருளப்பன், என் வீட்டுக்காரர். மாடியில் 'அருள் ஆடியோ சென்டர்' நடத்துகிறார். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலில் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. கடை திறப்பு, திருவிழா, ஜவுளித் தள்ளுபடி, இரங்கல் அறிவிப்பு, காணாமல் போன பசுமாடு என்று திண்டுக்கல் தெருக்களில் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவில் ஒரு பெண் குரல் கேட்டால் அது பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருக்கும். மைக் முன்னால் பேசுவது நான். வெட்டி ஒட்டிச் சீராக்குவது இவர். வீட்டிலும் அதே ஏற்பாடுதான். நான் பேசுவேன், இவர் தலையாட்டுவார்.

இப்போது பால்காரரிடமிருந்து என் நாத்தனார் வரைக்கும் எல்லோரிடமும் இவரே பேச வேண்டியிருக்கிறது. மனுஷனுக்கு மூன்றாவது வாக்கியத்திலேயே மூச்சு வாங்குகிறது. பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

தெருமுனையில் என் குரல் கேட்டது. பூண்டு வண்டி. ஊமையாக மாடியில் நின்றுகொண்டு, தெருவில் நான் பேசுவதை நானே கேட்டேன். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன்.

அந்தப் பதிவின் கதையை எழுதிவிட வேண்டும். ஐந்து வருஷம் இருக்கும். மாதாந்திர மின்தடை நாள். காலையில் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். போவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் பூண்டு வண்டிக்காரன் காசிமாயன் ஓடி வந்து நிற்கிறான். புது வண்டி, முதல் நாள், கொடைக்கானல் பூண்டு ஏற்றியாகிவிட்டது, இன்றைக்கே ஓட்டியாக வேண்டும் என்கிறான். எனக்கோ அடுப்பில் பருப்பு. சரி, ஒரே மூச்சில் பேசிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"அம்மா, அக்கா, மதினி! பூண்டு வந்திருக்கு. கொடைக்கானல் மலைப்பூண்டு. உரிச்சுப் பாத்து வாங்கலாம், மோந்து பாத்து வாங்கலாம். புடிக்கலையா, வண்டிக்காரனை நாலு வார்த்தை திட்டிட்டுப் போகலாம்."

அந்த இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் நீளமாக விசில் அடித்தது. மறுபடி பேச நேரமில்லை. நான் நிறுத்தாமல், "அந்தா, விசில் வந்திருச்சு பாருங்க. அடுப்பை அமத்திட்டு வாங்க, வண்டி நிக்கும்" என்று சேர்த்து முடித்தேன். கரண்ட் போய்விட்டது.

யூ.பி.எஸ் அணைவதற்குள் இவர் அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்க, காசிமாயன் அதையே போட்டுக்கொண்டு போனான். வீட்டுக்குள் இருக்கிற பெண்கள் தங்கள் வீட்டுக் குக்கர்தான் என்று அடுப்படிக்கு ஓடுவார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. சிரித்துக்கொண்டே வாசலுக்கு வருவார்கள். வந்தவர்கள் வாங்காமலா போவார்கள்? அன்றைக்கு மத்தியானத்துக்குள் வண்டி காலி.

அப்புறம் ஆரம்பித்தது. காசிமாயன் பென் டிரைவை அவன் மச்சானுக்குக் கொடுத்தான். மச்சான் ஒட்டன்சத்திரம் சந்தையில் நாலு பேருக்குக் கொடுத்தான். வெங்காய வண்டி, உப்பு வண்டி, விளக்குமாற்று வண்டி எல்லாவற்றிலும் நானே பேசிக்கொண்டு வருகிறேன். சரக்குப் பெயரை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டிக்கொள்வார்கள். "அம்மா, அக்கா, மதினி" என்று நான் கூப்பிட, நடுவில் ஓர் ஆம்பிளைத் தொண்டை "வெங்காயம்" என்று கரகரக்கும். திரும்பவும் நான் "வந்திருக்கு" என்பேன். கேட்கச் சகிக்காது.

ஒரு தடவை காசிமாயனை நடுத்தெருவில் நிறுத்தி, "என் தொண்டை என்ன தெருக்குழாயா, ஆளாளுக்கு வந்து புடிச்சிட்டுப் போறதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு கை பூண்டு கூடுதலாகப் போட்டான். அதிலிருந்து மாதம் ஒரு தடவை நான் திட்டுவதும் அவன் பூண்டு போடுவதும் வழக்கமாகிவிட்டது.

இன்றைக்கு வந்து வாசலில் நின்றான். நான் சிலேட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க திட்டாம பூண்டு குடுக்க என்னமோ மாதிரி இருக்குக்கா" என்றான். சிலேட்டில் 'திருட்டுப் பயலே' என்று எழுதிக் காட்டினேன். முகம் மலர்ந்து போனான்.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலில் எல்லோரும் பாட, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மத்தியானம் மீன் குழம்பு. இவர் சாப்பிட்டதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எட்டிப் பார்த்தால் கையில் வேலை எதுவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். 'எந்த இரங்கல் அறிவிப்புக்கு இவ்வளவு நேரம்?' என்று எழுதிக் காட்டினேன். "சும்மா, பழசு" என்றார்.

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு வெள்ளை வண்டி. "அம்மா, அக்கா, மதினி!" என்று என் குரல். பூண்டாக இருக்கும், இல்லையென்றால் வெங்காயமாக இருக்கும் என்று அடுத்த துணியை எடுத்தேன். அது பூண்டு இல்லை.

"சர்க்கரை வியாதியா? இனிமே மாத்திரை எதுக்கு? தூக்கிப் போடுங்க. இந்தப் பொடியைத் தண்ணில கலந்து குடிங்க. நான் குடிச்சேன், எனக்குச் சரியாயிருச்சு."

என் குரல். என் இழுப்பு. 'மதினி' என்று சொல்லும்போது நான் சிரிப்பேனே, அந்தச் சிரிப்பு உட்பட என்னுடையது. நான் இதைப் பேசவே இல்லை. எனக்குச் சர்க்கரையும் இல்லை. ஆனாலும் ஒரு நிமிஷம், எப்போதாவது பேசிக் கொடுத்துவிட்டு மறந்துபோனேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இவர் மொட்டை மாடிக்கு ஓடி வந்தார். தலையைச் சாய்த்து இரண்டு தடவை கேட்டார். "மூச்சே வாங்கலை பாத்தியா?" என்றார். "நீ 'அக்கா'வுக்கும் 'மதினி'க்கும் நடுவுல மூச்சு இழுப்ப. இது மிஷினு."

அதற்குள் வண்டி போய்விட்டது. பொடியின் பெயரை இங்கே எழுதி அவனுக்கு விளம்பரம் தர மாட்டேன். திட்ட வேண்டும்போல் இருக்கிறது. டம்ளரைத் தட்டியா திட்டுவது?

ஜூன் 11, புதன்

பக்கத்து வீட்டு தனபாக்கியம் அக்கா தோசை மாவு அரைத்து விற்கிறவர். காலையில் மாவு வாங்கப் போனேன். என்னைப் பார்த்ததும், "நீ சொன்ன பொடி வாங்கிட்டேன்த்தா. நேத்தோட மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார்.

பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்து சிலேட்டை எடுத்துக்கொண்டு போனேன். 'அது நான் பேசினது இல்லை. மாத்திரையை விடாதீங்க' என்று பெரிசு பெரிசாக எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். சிலேட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு காதாலயும் நீ பேசினதக் கேட்டேன். இப்ப எழுதிக் காட்டுற. நான் எத நம்புறது? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு, இப்பவே மாத்திரயப் போடுறேன்."

வாயைத் திறந்துவிட்டேன். மூச்சு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பின்னாலேயே வந்திருந்த இவர் என் கையைப் பிடித்தார். "அமலா, வேணாம்." பிறகு அவரே அக்காவிடம் விளக்கினார். மிஷின், கம்ப்யூட்டர், குரலைக் காப்பி எடுக்கிறார்கள் என்று, பாவம், நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினார்.

"தம்பி, உங்க பொண்டாட்டி குரல் எனக்குத் தெரியாதா? சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து இம்புட்டு வருஷமாக் கேக்குறேன்" என்றார் அக்கா.

அந்தக் குரலை அவர் அவ்வளவு நம்பியிருக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

ஜூன் 12, வியாழன்

ரெஜினா போனில் பேச, நான் வாட்ஸப்பில் எழுத, இப்படிப் பேசிக்கொண்டோம். பொடிக்காரன் எங்கிருந்து குரலை எடுத்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள். குரல்களை வாடகைக்கு விடுகிற ஓர் இணையதளம் இருக்கிறதாம். அதில் நான் இருக்கிறேனாம். 'தென்மாவட்ட அக்கா. அன்பான, நம்பகமான குரல்' என்று பெயர். யாரோ ஒருவன் பூண்டு வண்டியை வீடியோ எடுத்துப் போட, அதிலிருந்து உருவியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்து என்னைப் பேச வைக்கலாம்.

"அம்மா, எங்க ஆபீஸ் வக்கீல்கிட்ட கேட்டேன். ஒலிப்பதிவுக்குத்தான் காப்பிரைட் இருக்காம். வெறும் குரலுக்கு அந்தச் சட்டத்துல இல்லையாம். ஆனா ஒருத்தர் குரலை அவங்க சம்மதம் இல்லாம இப்படிப் பயன்படுத்தினா வேற வகையில கேஸ் போடலாமாம். கொஞ்சம் நாளாகுமாம்."

'பதிவு அப்பாவோடது. அப்ப தொண்டை யாரோடது?' என்று எழுதினேன். சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

முதலில் அந்தத் தளத்துக்கே புகார் அனுப்பியிருக்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். கோயில் வாசலில் என் பழைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது. "அன்பான பக்தர்களே, வண்டியை இங்கே நிறுத்தாதீங்க, அந்தப் பக்கம் போங்க." யாரும் கேட்கவில்லை. வழக்கம்போல அங்கேயேதான் நிறுத்தினார்கள்.

அந்தோணியார் தொலைந்து போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எதற்காக என்று அவருக்குத் தெரியும்.

ஜூன் 14, சனி

தளத்திலிருந்து பதில் வந்தது. குரல் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்ய, 'நமது குரல் நமது உரிமை' என்ற வாக்கியத்தைப் பேசி அனுப்ப வேண்டுமாம். பேசக் கூடாத ஆளிடம் பேசி நிரூபி என்கிறார்கள்.

ரெஜினா கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். இவர் பொறுக்கவில்லை. என் பழைய பதிவுகளிலிருந்து சொல் சொல்லாக எடுத்து ஒட்டினார். 'நமது' ஜவுளிக் கடையிலிருந்து. 'குரல்' பாட்டுப் போட்டி அறிவிப்பிலிருந்து. 'உரிமை' சங்க மாநாட்டிலிருந்து. கேட்டால் நான் பேசியதுபோலவே இருந்தது. நான் பேசியதுதானே. அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. 'இது இயந்திரத்தால் உருவாக்கப்பட்ட குரல் எனத் தெரிகிறது. அசல் குரலில் பேசி அனுப்பவும்.'

இவர் அந்த வரியை என்னிடம் படித்துக் காட்டிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் வந்துவிட்டது. சத்தமில்லாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு முட்டை அட்டையில் முட்டிக்கொண்டேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்றைக்குத்தான் இப்படிச் சிரித்திருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

தனபாக்கியம் அக்காவுக்குக் காலையிலிருந்து தலை சுற்றல், தாகம், கண் மங்கல். இவர்தான் ஆட்டோவில் கூட்டிப்போய்ச் சர்க்கரை பார்த்து வந்தார். எகிறிக் கிடக்கிறதாம். டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். ஊசி போட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால், மேஜையில் டாக்டர் கொடுத்த மாத்திரையும் அந்தப் பொடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

"டாக்டரு அப்படித்தான் சொல்லுவாரு, அவருக்கு யாவாரம். பொடி வேல செய்யறப்ப மொதல்ல இப்படித்தான் ஏறி எறங்குமாம். வண்டில நீயே சொன்னியேத்தா" என்றார்.

இவர் தெருவில் யார் யார் வாங்கினார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தார். நிறையப் பேர். எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார்கள். அமலா சொல்லுச்சு.

ஜூன் 16, திங்கள்

காலையில் இவரை முட்டை அட்டை அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிலேட்டில் எழுதினேன். 'தளத்துக்கு ஒட்டினீங்களே, அதே மாதிரி தெருவுக்கு ஒட்டுங்க.' இவருக்குப் புரிந்துவிட்டது. மிஷின் நம்பாவிட்டால் போகிறது. தனபாக்கியம் அக்கா காதால் கேட்டால் நம்புவார்.

நாள் முழுக்க உட்கார்ந்தோம். நான் சொல்லை எழுத, இவர் தேடினார்.

'பொடி' இட்லிப்பொடிக் கம்பெனி விளம்பரத்தில் கிடைத்தது. 'மாத்திரை' ரொம்ப நேரம் கிடைக்கவில்லை. ஒருவழியாகப் பள்ளிக்கூடத்துக் குடற்புழு நீக்க முகாமில் கிடைத்தது. 'நிறுத்தாதீங்க' அந்தோணியார் கோயில் வண்டிகளிடமிருந்து. 'டாக்டரைப் பாருங்க' இலவசக் கண் முகாம். 'இல்லை'க்குப் பஞ்சமே இல்லை, எல்லா நகைக் கடைக்கும் 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று சொல்லியிருக்கிறேன்.

'நான்' மட்டும் இல்லை.

எத்தனை பதிவு! அன்புடன் அழைக்கிறோம், அனைவரும் வருக, நமது கடை, நம்ம ஊர், குடும்பத்தார் துயரத்துடன் தெரிவிக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் 'நான்' என்று சொன்னதில்லை. அறிவிப்பில் 'நான்' எதற்கு வரப் போகிறது? அந்த மிஷின் மட்டும் 'நான் குடிச்சேன்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. 'விட்டுடலாம்' என்று எழுதினேன்.

இவர் ஏதோ ஒரு பழைய ஃபோல்டரைத் திறந்தார். தேடவே இல்லை. நேராக ஓர் இடத்துக்குப் போய் அமுக்கினார்.

என் குரல்தான், ஆனால் மெலிசாக, பயந்துபோய். பின்னால் நாற்காலி கிறீச்சிடுகிறது. "நான் பேசினா யாருங்க கேக்கப் போறா?"

அப்புறம் மைக்குக்குத் தள்ளி இவருடைய குரல். "நான் கேப்பேன்."

முதல் முதலாக மைக் முன்னால் உட்கார்ந்த அன்று பேசியது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இவர் இத்தனை நாளும் வைத்திருக்கிறார், அதுவும் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போகிற அளவுக்கு.

அடுப்பில் சோறு வைக்க வேண்டியிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

காசிமாயனைக் கூப்பிட்டுவிட்டோம். இவர் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"அம்மா, அக்கா, மதினி! அந்தப் பொடி நான் இல்லை. மாத்திரையை நிறுத்தாதீங்க. டாக்டரைப் பாருங்க." பிறகு குக்கர் விசில். "அந்தா, விசில் வந்திருச்சு பாருங்க. அடுப்பை அமத்திட்டு வாங்க, வண்டி நிக்கும்."

அங்கங்கே ஒட்டுத் தெரிகிறது. 'நான்' மட்டும் எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி மெலிசாக இருக்கிறது. காசிமாயன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"இதை நான் போடுறேன்க்கா. பூண்டுக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ."

போதாது என்று இரண்டு தட்டு தட்டினேன். சிலேட்டில் எழுதினேன். 'உன் மச்சானுக்குக் குடு. ஒட்டன்சத்திரத்துல எல்லாருக்கும் குடு. வெங்காயம், உப்பு, விளக்குமாறு, ஒருத்தர் விடாம. யார் வேணா காப்பி எடுக்கலாம்.'

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா சொல்றீங்க? பழசையுமா?"

சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். ஐந்து வருஷமாகத் திட்டித் திட்டி யோசித்தது, இரண்டே வரியில் முடிந்துவிட்டது. 'பழசும்தான். ஆனா விசிலை மட்டும் வெட்டக் கூடாது. நான் பேசாததை நான் பேசினதாப் போடக் கூடாது.'

இவர் அதற்கு விளக்கம் சொன்னார். பொடிக்காரனுக்குக் குரல் கொடுத்த மிஷின், பின்னால் கேட்கிற சத்தத்தையெல்லாம் சுத்தம் பண்ணும்போது விசிலையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. "இனிமே விசில் இருந்தா அமலா. இல்லைன்னா இல்லை. அம்புட்டுதான்."

"எங்க ஆளுக ஒருத்தனும் இதுவரைக்கும் விசில வெட்டினதில்லைக்கா" என்றான் காசிமாயன் ரோஷமாக. "அத வெட்டினா யாரு வெளிய வருவா?"

உண்மைதான். எல்லாவற்றையும் திருடினார்கள், விசிலை யாரும் தொட்டதில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஊரே என் பேச்சு! முதலில் பூண்டு. பிறகு வெங்காயம், அப்புறம் கோலமாவு. பொடிக்காரனின் வெள்ளை வண்டி தெருமுனையில் திரும்பும்போது எதிரில் உப்பு வண்டி வந்தது. இரண்டிலும் நானே. "மாத்திரை எதுக்கு?" என்று ஒன்று கேட்க, "மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று மற்றது சொல்ல, விசில் அடித்தது. தெருவில் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். வெள்ளை வண்டி ஸ்பீக்கரை அணைத்துக்கொண்டு போனது. நான் மாடியில் நின்று கரண்டியால் டம்ளரை விளாசித் தள்ளிவிட்டேன். டம்ளர் நசுங்கிவிட்டது.

தனபாக்கியம் அக்கா வாசலில் நின்று இரண்டு தடவை முழுசாகக் கேட்டார். உள்ளே போனார். வெளியே வந்து என்னை நிமிர்ந்து பார்த்து, நாக்கை நீட்டி, மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டினார். "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னத்தா?" என்று கத்தினார்.

ஒரு தட்டு தட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

இவர் பூண்டுப் பதிவின் வெட்டாத அசலை ரெஜினாவுக்கு அனுப்பியிருந்தார். பருப்பு கொதிப்பது, விசில், கரண்ட் போகிற 'டப்' எல்லாம் அதில் இருக்கிறது. தளத்துக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள். 'தென்மாவட்ட அக்கா'வை எடுத்துவிட்டார்களாம். மன்னிப்பும் கேட்டிருக்கிறார்கள்.

கூடவே ஒரு வேண்டுகோள். நானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் முறைப்படி என் குரலைத் தளத்தில் வைப்பார்களாம். எனக்கும் பங்கு உண்டாம். இனிமேல் நான் மைக் முன்னால் உட்காரவே தேவையில்லை, பழைய குரல் எப்போதும் அப்படியே இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வரியை நிறையத் தடவை படித்தேன்.

முதல் நாள் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். குரல் திரும்பி வரும், ஆனால் பழைய குரலாகவே வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. இவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. நான் பேச முடியாது. இவர் பேச மாட்டார்.

சிலேட்டில் எழுதினேன். 'குடுத்துடலாமா? பழைய குரல் அப்படியே இருக்குமாம்.'

இவர் படித்தார். "எதுக்கு?" என்றார். "ஆள் இங்கதான இருக்கு."

ஜூன் 24, செவ்வாய்

மதுரை. டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறதாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார். இவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். டாக்டரம்மா என் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். பேச முடியவில்லை. இவரும் கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

வீட்டில் வேலை அதிகம். பேச நேரமில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்றும்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் குளித்துவிட்டுச் சமையலறையில் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, அக்கா, மதினி." இறங்கின குரல். மணலில் செருப்பு தேய்கிற மாதிரி இருக்கிறது. மேலே ஏற மாட்டேன் என்கிறது. எனக்குத் தெரிந்த அமலா இல்லை. கொஞ்சம் அழுதேன். பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டேன்.

தெருவில் பூண்டு வண்டி வந்தது. பழைய நான் வழக்கம்போலக் கூப்பிட்டுவிட்டுப் போனேன். போகட்டும், அது ஊருக்குக் கொடுத்தது. காசிமாயன் இருக்கும் வரைக்கும் அது பேசிக்கொண்டே இருக்கும். அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு முட்டை அட்டை அறைக்குப் போனேன்.

இவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன கேட்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். கதவைத் தட்டினேன். காதில் விழவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். திரும்பாமலே ஒரு காதை விலக்கிக்கொண்டு கேட்டார்.

"யாரு?"

"நான்தான்" என்றேன்.

ஹெட்போனை முழுசாகக் கழற்றினார். திரும்பினார். என்னை, என் வாயை, மறுபடி என்னைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். கரகரவென்று இருக்கிறது, விளம்பரத்துக்கு ஆகாது, தெரியும் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து கம்பளியை இழுத்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார். சமையலறைப் பக்கத்துக் கதவை மட்டும் திறந்தே வைத்தார். பதிவு பட்டனை அமுக்கிவிட்டு, மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"சொல்லு" என்றார். "கேக்குறேன்."